விழப் பழகுதல்

03.09.2024
கொழும்பு ஆஸ்பத்திரி, நான்காம் வாட்டு

தர்மிளா,

இதைக் கடிதம் என்று நினைத்து வாசிக்காதே. இது கைப் பயிற்சி. வலது மணிக்கட்டு மாவுக்கட்டை வெட்டி இரண்டு கிழமை ஆகிறது. விரல்கள் இன்னும் பேனையை ஒழுங்காகப் பிடிக்கவில்லை. நாளுக்கு ஒரு பக்கமாவது எழுத வேண்டும் என்று பயிற்சி தருகிற மிஸ் சொல்லியிருக்கிறார். யாருக்கு எழுதுவது? வேறு ஒருவருடைய விலாசமும் எனக்குப் பாடமில்லை.

பாலை மரத்தால் விழுந்து இன்றோடு அறுபது நாள். நேற்றுப் பெரிய டொக்டர் வந்தார். முள்ளந்தண்டு நரம்பு போனது போனதுதான், இடுப்புக்குக் கீழே இனி ஒன்றும் திரும்பாது என்று சொல்லிவிட்டார். அவர் சிங்களத்தில் சொன்னதைப் பக்கத்துக் கட்டில் மஸாஹிர்தான் எனக்குத் தமிழில் சொன்னான். முல்லைத்தீவு ஆள். லொறி பிரண்டு முதுகு உடைந்தவன். இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்ததால் சிங்களம் நன்றாக வரும். சொல்ல முதல் தன்னுடைய தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் நீட்டினான். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

ஆகவே நீ இனி வராதே. ஒன்பது மணித்தியாலம் பஸ்ஸில் வந்து, கால்மாட்டில் நின்று அழுதுவிட்டு, திரும்ப ஒன்பது மணித்தியாலம் போகிறாய். என்னுடைய போன் மரத்தடியிலேயே உடைந்துபோனது நல்லதுக்குத்தான். மஸாஹிருடைய போனுக்கும் எடுக்காதே. காணியை இந்தப் போகத்துக்குப் பக்கத்துக் காணி யோகலிங்கம் அண்ணையிடம் கொடு. வீட்டைப் பூட்டிக்கொண்டு விசுவமடுவுக்கு, உன் அம்மாவிடம் போ. உனக்கு முப்பது வயதுதான். பிள்ளையும் இல்லை. நான் என்ன சொல்கிறேன் என்று உனக்கு விளங்கும்.

ஒரு பக்கம் முடிந்தது. கை நோகிறது.

நிஷாந்தன்


14.09.2024
நெடுங்கேணி

இஞ்சாருங்கோ,

உங்களுடைய கைப் பயிற்சி வந்து சேர்ந்தது. 'உனக்கு முப்பது வயதுதான்' என்ற இடத்தில் பேனை தாளைக் கிழித்திருக்கிறது. கை குணமாகி வருகிறது போல.

அழுதேன், ஓம். அதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஆனால் நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தீர்களே, நான் கொண்டுவந்த சோற்றுப் பொதியைத் திறக்கக்கூட இல்லை, அதை எந்தப் பயிற்சியில் சேர்ப்பது?

விசுவமடுவுக்கு ஒரு நாள் போய்த்தான் வந்தேன். அம்மா தொடங்கினா. "காட்டோரத்திலை தனிய ஒரு பொம்பிளை எப்பிடியடி இருக்கிறது? ஆனை வாற இடம்."

"ஆனை வந்தாலும் பரவாயில்லை அம்மா. அது 'தனியவோ இருக்கிறீர்' எண்டு கேக்காது" என்று சொல்லிவிட்டுப் பின்னேர பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

காணியைக் கேட்டு யோகலிங்கம் அண்ணை வந்தார். நீங்கள் சொல்லாமலே வந்தார்.

"ஒரு போகத்துக்குத்தானே பிள்ளை. நான் பாக்கிறன். நீ ஏன் கஷ்டப்படுறாய்?"

"எல்லாரும் ஒரு போகத்துக்கு எண்டு சொல்லித்தான் வருவினம் அண்ணை. நான் கச்சான் கடலை போடப்போறன்."

"அப்ப உழவுக்கு லாண்ட்மாஸ்டர் மெசின் ஆர் பிடிக்கிறது?"

"நான்தான்."

சிரித்தார். சிரித்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவரே, "சரி, நாளைக்குக் காலமை வாறன், காட்டித்தாறன்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் உங்கள் அப்பா தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, கையால் காடு வெட்டி எடுத்த காணி இது. நீங்கள் ஒரு பக்கம் நிரப்புவதற்காக எழுதிய வசனத்துக்கு நான் அதைக் கைவிட முடியாது.

முப்பது வயதைப் பற்றி இன்னொரு முறை எழுதினால் பதில் வராது.

தர்மிளா


29.09.2024

தர்மிளா,

லாண்ட்மாஸ்டரைத் தொடாதே என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். எடுத்த பிறகு யோசித்தேன். நீ ஏற்கெனவே தொட்டிருப்பாய். எட்டு வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு இதுகூடத் தெரியாதா?

சரி, கவனமாக வாசி. சமதரையில் இடது கிளச்சை அமத்தினால் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் அது நேர்மாறு. இடதை அமத்தினால் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். வாய்க்கால் கரையால் இறங்கும்போது கிளச்சைத் தொடாதே. கைபிடியைத் தள்ளித்தான் திருப்ப வேண்டும். யோகலிங்கம் அண்ணை இதைச் சொல்லமாட்டார். அவருக்குக் கை பழகிவிட்டது, வாயால் சொல்லத் தெரியாது.

இங்கே என்னைச் சில்லுக் கதிரையில் இருத்தத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் நாள் பத்து நிமிடத்தில் மயங்கிவிட்டேன். சிறுநீர்க் குழாயை நானே வைக்கப் பழக வேண்டுமாம். அதைப் பற்றி உனக்கு எழுதுவதா விடுவதா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன். மேலே கேட்காதே.

இன்றைக்கு இன்னொரு கூத்து. நிலத்தில் மெத்தையை விரித்து, கதிரையோடு பின்பக்கமாகச் சரிந்து விழச் சொல்கிறார் மிஸ். அவருக்கு அரைகுறைத் தமிழ். "விழுங்க, விழுங்க" என்றார். "எதை விழுங்கிறது மிஸ்?" என்று மஸாஹிர் கேட்க வாட்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது அடி உயரத்திலிருந்து விழுந்து வந்தவனுக்கு விழுவதற்கு ஒரு வகுப்பு!

"என்னாலை ஏலாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மிஸ் கோபப்படவில்லை. "எப்படியும் ஒரு நாள் விழுவீங்க. அப்ப பக்கத்தில யாரும் இருக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு மற்றக் கட்டிலுக்குப் போய்விட்டார். இவ்வளவு ஆத்திரம் எனக்கு ஒருவர் மீதும் வந்ததில்லை.

நிஷாந்தன்


20.10.2024
நெடுங்கேணி

இஞ்சாருங்கோ,

வாய்க்கால் கரையால் இறங்கினேன். வலப்பக்கம் வாய்க்கால். இடப்பக்கம் திரும்புவதற்காக இடது கிளச்சை அமத்தினேன். உங்களுடைய கடிதம் அடுத்த நாள் பத்து மணிக்கு வந்தது.

பயப்பட ஒன்றுமில்லை. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. மெசின் சரிந்து விழுந்தது. நான் மற்றப் பக்கம் எறியப்பட்டேன். வலது காற்பெருவிரல் நகம் போய்விட்டது, முழங்கையில் காயம். யோகலிங்கம் அண்ணை "ஐயோ பிள்ளை" என்று ஓடிவந்தார். மெசின் சரிந்து கிடந்தபடியே டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அதை நிற்பாட்டக்கூட எனக்குத் தெரியவில்லை. வரம்பில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் உங்கள் மீதா, மெசின் மீதா, அந்தப் பாலை மரத்தின் மீதா என்று பிடிபடவில்லை. பழத்துக்காக அவ்வளவு உயரம் ஏறாதீர்கள், கீழ்க் கொப்பில் கிடைப்பது போதும் என்று நான் அன்று சொன்னேன். அதை இன்றுவரை நான் உங்களுக்குச் சொல்லிக் காட்டவில்லை. இன்று சொல்கிறேன்.

இரண்டு நாள் மெசினைத் தொடவில்லை. மூன்றாம் நாள் தொட்டேன். பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அதே பயத்தோடுதான் உழுதேன். சால் பாம்பு போல வளைந்து கிடக்கிறது. கச்சான் போட்டாயிற்று.

ஒரு விசேஷம். கஷ்டத்திலிருந்து மீண்ட பெண்கள் என்று ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் ஊரில் முப்பது பேரை மண்டபத்துக்குக் கூப்பிட்டிருந்தது. கரும்பலகையில் 'மீண்டெழும் ஆற்றல்' என்று எழுதியிருந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு மிஸ், "துன்பம் உங்களை எப்படி வளர்த்தது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். என் முறை வந்தது.

"வளர்க்கேல்லை மிஸ். களைக்கப் பண்ணினது" என்றேன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு தாளில் ஒரு மரம் கீறச் சொன்னார்கள். எனக்கு மரம் கீற மனம் வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுப் பொதியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தர்மிளா


05.11.2024

தர்மிளா,

'பயப்பட ஒன்றுமில்லை' என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? அந்த மெசின் மற்றப் பக்கம் சரிந்திருந்தால் நீ செத்திருப்பாய். எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? தபாற்காரனா? உன்னைத் தடுக்கவும் முடியாது, பக்கத்தில் நின்று கைபிடியைப் பிடிக்கவும் முடியாது. கடிதம் எழுதுவதைத் தவிர எனக்கு வேறு என்ன வேலை இருக்கிறது இங்கே?

நீ மரத்தைப் பற்றி எழுதியது சரி. மேல்கொப்புப் பழம்தான் இனிப்பு என்று ஏறினேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

உன் கடிதம் வந்த அடுத்த நாள் மிஸ்ஸிடம் மெத்தையை விரிக்கச் சொன்னேன். உன்னால் அல்ல. ஆத்திரத்தால். நாடியை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கையால் கதிரையைப் பிடித்தபடி பின்னுக்குச் சரிய வேண்டும். முதல் தரம் பின்மண்டை அடிபட்டது. இரண்டாம் தரம் கதிரை என் மேல் விழுந்தது. மூன்றாம் தரம் சரியாக விழுந்தேன். பிறகுதான் தெரிந்தது, விழுவது பாடத்தின் முதல் பாதிதான். நிலத்திலிருந்து கதிரைக்கு நானே ஏற வேண்டும். நாற்பது நிமிடம் எடுத்தது. மிஸ் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார், ஒரு விரல் தரவில்லை. அந்த நாற்பது நிமிடமும் அவரையும் உன்னையும் மாறி மாறித் திட்டினேன்.

மஸாஹிர் வீட்டுக்குப் போய்விட்டான். அவனுடைய உம்மாவும் தம்பி றம்சீனும் வான் ஒன்று பிடித்து வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். வாட்டில் எல்லாருக்கும் தொதல் இனிப்பு கொடுத்தார்கள். அவனைக் கதிரையோடு தூக்கி வானுக்குள் வைத்ததை ஜன்னலால் பார்த்தேன். அப்படி ஒரு சாமான் மாதிரி நான் நெடுங்கேணிச் சந்தியில் வந்து இறங்கமாட்டேன். நடந்துதான் வருவேன். இல்லாவிட்டால் வரமாட்டேன்.

நிஷாந்தன்


02.12.2024
நெடுங்கேணி

இஞ்சாருங்கோ,

பத்து நாள் விடாத மழை. மேட்டுக் காணிதான், என்றாலும் கீழ்ப்பக்கம் தண்ணீர் நின்று கச்சானில் மூன்றில் ஒரு பங்கு அழுகிவிட்டது. முழங்கால் தண்ணீரில் நின்று மண்வெட்டியால் தண்ணீரை வெட்டி விட்டேன். ஒரு பக்கம் வெட்ட மறுபக்கம் இடிந்து மூடியது. என் போனும் தண்ணீருக்குள் விழுந்து பழுதாகிவிட்டது. இனி நீங்கள் எடுக்க நினைத்தாலும் முடியாது. நினைக்கமாட்டீர்கள், அது வேறு.

'நடந்துதான் வருவேன்' என்ற கடிதத்தை அடுப்புக்குள் வைக்கப் போனேன். விறகு ஈரம். அடுப்பு பற்றவில்லை. அதனால்தான் அது இன்னும் இருக்கிறது.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மழைக்கு முதலே மேசன் செந்தூரனைக் கூப்பிட்டு, வாசற்படிக்கு மேலே கதிரை ஏறுவதற்குச் சீமெந்துச் சாய்வு போட்டுவிட்டேன். வீட்டு நிலம் ஒன்றரை அடி உயரம், சாய்வு ஆறு அடி நீளம். கக்கூஸ் கதவை இடித்து அகலமாக்கியாயிற்று. யாருக்காகச் செய்தேன்? நடந்து வருகிற ஆளுக்கா? டொக்டர் சொன்னதை நீங்கள்தானே எனக்கு எழுதினீர்கள். எழுதிவிட்டு அதை நீங்களே நம்பாமல் இருந்தால், நான் எதை நம்பி இங்கே சீமெந்து குழைக்கிறது?

ஊரில் எல்லாரும் "நீ கெட்டிக்காரி, உனக்கு மனத்தைரியம் கூட" என்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் மண்வெட்டி பிடிக்க வரத் தேவையில்லை. எனக்குத் தைரியம் இல்லை. பதினைந்து வயதில், கடைசிச் சண்டைக்குள், எதையெல்லாம் தாண்டி வந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கும் தைரியத்தால் தாண்டவில்லை. நிற்க இடமில்லை, அதனால் நடந்தேன். இப்போதும் அதுதான். ஆனால் அன்றைக்குப் பக்கத்தில் சனம் நடந்தது. இன்றைக்கு என் பக்கத்தில் நடக்க வேண்டிய ஆள், நடந்தால்தான் வருவேன் என்று அடம்பிடிக்கிறார்.

எனக்கு நீங்கள் நடக்க வேண்டாம். வாருங்கள், போதும். வரமாட்டீர்கள் என்றால் அதையும் ஒரே வரியில் எழுதுங்கள். கைப் பயிற்சிக்காக என்னைக் காக்க வைக்க வேண்டாம்.

தர்மிளா


24.01.2025

தர்மிளா,

ஏழு கிழமை பதில் எழுதாதது கோபத்தால் என்று நினைத்திருப்பாய். பாதி சரி. மற்றப் பாதி காய்ச்சல். சிறுநீரில் கிருமி. பொங்கலன்று சேலைன் குழாயோடு கிடந்தேன்.

போன ஞாயிறு மஸாஹிரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். முதலில் எனக்கு ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. முகம் வற்றிப்போய்விட்டது. இடுப்புக்குக் கீழே என் உள்ளங்கை அளவு படுக்கைப் புண். மருந்து கட்டும்போது நான் பார்த்தேன். எலும்பு தெரிகிறது.

நல்ல வீடு அது, நல்ல மனிதர்கள். அவனுடைய உம்மா அவனைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. "நீ விழுந்திடுவாய் மகன், உம்மா பாக்கிறன்" என்று சோறுகூட ஊட்டிவிட்டாராம். சில்லுக் கதிரையை மடித்து அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். இரண்டரை மாதம் அப்படியே கிடந்திருக்கிறான்.

"நீயாவது சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன்.

"அவங்க அன்பிலதான் செய்தாங்க மச்சான். வேணாம் எண்டு சொல்ல எனக்கும் மனம் வரேல்ல. சுகமா இருந்துது."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கலக்கிவிட்டது. அந்தச் சுகம் எனக்கும் தெரியும். சுவரைப் பார்த்துக்கொண்டு, யாராவது எல்லாவற்றையும் செய்துவிடட்டும் என்று கிடப்பது. நடந்துதான் வருவேன் என்று நான் எழுதியதும் அதே சுகம்தான். வராமல் இருப்பதற்கு ஒரு வீறாப்பான காரணம்.

மார்ச் முதல் கிழமை வருகிறேன். நடந்து அல்ல. படி ஏறவும் பழகிவிட்டேன். படியில் உட்கார்ந்து, பின்பக்கமாகக் கையை ஊன்றி ஒவ்வொன்றாக ஏறுவேன். பார்க்க அழகாக இருக்காது.

ஒரு நிபந்தனை. என்னால் செய்ய முடிந்ததை நீ செய்யாதே. நான் கெஞ்சினாலும் செய்யாதே. என்னைக் கூட்டிப் போகவும் வராதே. றம்சீன் என்னைக் கொழும்பில் ரயில் ஏற்றிவிடுவான். வவுனியாவிலிருந்து நெடுங்கேணி பஸ்ஸில் நானே வருவேன்.

சாய்வுப் பாதையைப் பற்றி மிஸ்ஸிடம் சொன்னேன். தலையில் கை வைத்தார். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். உன்னுடைய ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி. ஆறு அடியில் போட்டிருக்கிறாய். அதில் இறங்கினால் நான் நேரே கிணற்றுக்குள்தான் போய் நிற்பேன். உடைத்துவிட்டுத் திரும்பப் போடு. எழுதிக் கேட்டிருக்கக் கூடாதா?

நிஷாந்தன்


12.02.2025
நெடுங்கேணி

இஞ்சாருங்கோ,

எழுதிக் கேட்டிருக்கலாம். பதில் எழுதுகிற ஆளாக இருந்தால்.

உடைத்தாயிற்று. அலவாங்கால் நானும் சேர்ந்து உடைத்தேன். உங்களை நினைத்துக்கொண்டு உடைத்ததால் கெதியாக முடிந்தது. பதினெட்டு அடி என்றதும் செந்தூரன், "அக்கா, இது வீட்டு வாசலோ, ரோட்டோ?" என்று கேட்டார். முற்றத்தில் பாதி போய்விட்டது.

கச்சான் பிடுங்கி முடிந்தது. இருபது மூட்டை வர வேண்டிய இடத்தில் பதினொன்று. அடுத்த போகத்துக்குக் கீழ்ப்பக்கம் வடிகால் வெட்டிய பிறகுதான் விதை போடுவேன். யோகலிங்கம் அண்ணை இந்த முறை காணியைக் கேட்கவில்லை. தன்னுடைய லாண்ட்மாஸ்டர் பெல்ட் அறுந்ததும், என்னுடையதை ஒரு நாளைக்குத் தர முடியுமா என்று கேட்டார். கொடுத்தேன். இறக்கத்தில் கவனம் என்றும் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் நிபந்தனை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வாருங்கள், வாருங்கள் என்று நான் கத்தியபோது வராத மனிதர், வருகிற நாளில் என்னை வராதே என்கிறார். மஸாஹிருடைய உம்மாவை நினைத்து ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நானும் அப்படித்தான் செய்திருப்பேன். கதிரையை மடித்து வைத்திருப்பேன்.

சரி. வவுனியாவுக்கு வரமாட்டேன். ஆனால் பிறகு 'நீ வரவில்லை' என்று ஒரு சொல் சொல்லக் கூடாது.

தர்மிளா


07.03.2025
வவுனியா பஸ் நிலையம், காலை 11.30

தர்மிளா,

நீ வரவில்லை.

ரயிலில் ஒரு குறையும் இல்லை. ரயில் காவலர் ஒருவர் கைகொடுத்தார். கதைத்துக்கொண்டு வந்தோம். மனதுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எல்லாம் இந்த பஸ் நிலையத்தில் முடிந்தது.

முதல் பஸ்காரன் என்னைப் பார்த்ததும், "அண்ணை, வீல்செயர் ஏத்த ஏலாது. சனம் நிண்டுகொண்டு வருது. அடுத்ததிலை வாங்கோ" என்றான். அடுத்தது வந்தது. அதன் நடத்துனர் சுமன் என்று ஒருவன். "தனியவோ வந்தனீங்கள்? கூட ஆள் இல்லாட்டி நாங்கள் பொறுப்பெடுக்க மாட்டம்" என்றான். நான் கதிரையை மடிக்கலாம் என்று காட்டினேன். நானே ஏறுவேன் என்று சொன்னேன். அவன் என் காலைப் பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பிறகு ஒரு பெண் வந்து என் மடியில் நூறு ரூபாய்த் தாளை வைத்துவிட்டுப் போனாள். "தங்கச்சி, நான் பிச்சைக்காரன் இல்லை" என்று கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்டும் திரும்பவில்லை.

கடைக்காரர் ஒருவருடைய போனை வாங்கி யோகலிங்கம் அண்ணைக்கு எடுத்தேன். எடுக்கவில்லை. ஓட்டோ பிடிக்கலாம். ஒருமுறை ஓட்டோவில் வந்தால் இனி எப்போதும் ஓட்டோதான், எனக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கு அந்த வீறாப்பும் போய்விட்டது.

வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. நான் போட்ட நிபந்தனையை நானே உடைக்கிறேன். மெத்தையில் விழுவது வேறு, இவ்வளவு சனத்துக்கு முன்னால் நிலத்தில் இருப்பது வேறு. என்னை ஏற்றாத சுமனுடைய கையிலேயே இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். நெடுங்கேணிச் சந்திக் கடையில் கொடுத்தால் உனக்கு வந்துசேரும். கடிதத்துக்கு இடமிருக்கிறது அவனுடைய பஸ்ஸில்.

நிஷாந்தன்


(அதே தாளின் பின்பக்கம்)
நெடுங்கேணி பஸ் தரிப்பிடம், பகல் 1.20

இஞ்சாருங்கோ,

கடைக்குப் போக வேண்டி வரவில்லை. நான் காலை ஒன்பது மணியிலிருந்து இங்கேதான் நிற்கிறேன். வரமாட்டேன் என்று எழுதியது வவுனியாவுக்கு. நெடுங்கேணிக்கு வரமாட்டேன் என்று எழுதவில்லை.

கடிதத்தைக் கொண்டுவந்த இதே பஸ்தான் திரும்ப வவுனியாவுக்கு வருகிறது, வாசித்ததும் அதில் ஏறிவிட்டேன். ஏறி, இருந்தும்விட்டேன். பிறகு இறங்கினேன். இறங்கியது சுலபம் என்று நினைக்காதீர்கள். இன்றைக்கு வந்தால் நாளைக்கும் வர வேண்டும், நாளை மறுநாளும் வர வேண்டும். கெஞ்சினாலும் செய்யாதே என்று நீங்கள்தான் எழுதினீர்கள். நீங்கள் எழுதியது சரி என்பதுதான் இப்போது எனக்கு வருகிற எரிச்சல்.

சுமனைப் பிடித்துக் கேட்டேன். சனம் கூடிவிட்டது.

"தம்பி, அவர் டிக்கற் எடுக்கமாட்டன் எண்டவரோ?"

"இல்லை அக்கா. விழுந்து கிழுந்து போனா ஆர் பதில் சொல்லுறது?"

"அவர் விழுந்தா அவரே எழும்புவார். ஆறு மாதமா அதைத்தான் படிச்சவர். நீர் கதிரையை மட்டும் ஏத்தும்."

சாரதி இறங்கி வந்து கேட்டுக்கொண்டு நின்றார். "எஞ்சினுக்குப் பக்கத்திலை வைக்கலாமடா" என்று அவர்தான் சுமனுக்குச் சொன்னார். சுமன் ஓம் என்றான், இந்தத் தாளையும் அவனே உங்களிடம் கொண்டுவருவான். முழு மனதோடு சொல்லவில்லை. உங்களைக் கண்டால் திரும்பவும் யோசிப்பான். யோசிக்க விடாதீர்கள். பஸ் நின்றதும் வாசலுக்கு முன்னால் போய்விடுங்கள். சாரம் ஊத்தையாகட்டும். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. கடைசி பஸ் வரைக்கும் இங்கேதான் நிற்பேன். ஏறுங்கள்.

தர்மிளா


07.03.2025
பஸ்ஸில், புளியங்குளம் தாண்டி

தர்மிளா,

எழுத்து ஆடுவதற்குப் பஸ்ஸைக் குறை சொல். கை நன்றாகத்தான் இருக்கிறது.

மூன்று படி. பதினொரு நிமிடம் எடுத்தது. சுமன் நேரம் பார்த்து வைத்திருக்கிறான். பின்னால் நின்ற பஸ் விடாமல் ஹோர்ன் அடித்தது. இரண்டாம் படியில் கை வழுக்கி நிலத்துக்கே வந்துவிட்டேன். சனம் "ஐயோ" என்றது. ஒரு வயதானவர் என் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்க வந்தார். "விடுங்கோ ஐயா, நான் ஏறுவன்" என்று கத்திவிட்டேன். பாவம், அவருக்கு மனம் நொந்திருக்கும். இப்போது முன் சீற்றுக்கு மாறிப்போய் இருக்கிறார். இரண்டாம் தரம் முதற்படியிலிருந்து தொடங்கினேன். யாரும் கிட்ட வரவில்லை.

சாரம் கிழிந்துவிட்டது. முழங்கையில் தோல் இல்லை. கதிரைக்கும் ஒரு டிக்கற் எழுதினான் சுமன். அதற்கு ஒரு சண்டை பிடித்தேன். பிறகு அந்தப் பெண் வைத்துவிட்டுப் போன நூறு ரூபாயை அதற்குக் கொடுத்தேன்.

நீ ஏறி இருந்துவிட்டு இறங்கினாய் என்று வாசித்தபோது உன் மீது வந்த கோபம் இன்னும் போகவில்லை. வீட்டுக்கு வந்தும் சில நாள் இருக்கும் என்று நினைக்கிறேன். இருக்கட்டும். அந்தக் கோபத்தில்தான் ஏறினேன்.

பஸ் நின்றதும் சுமன் முதலில் இறங்கி இந்தத் தாளை உன்னிடம் தருவான். நான் இறங்க முதல் வாசித்துவிடு. ஓடி வராதே. யாரையும் கூப்பிடாதே. ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம், அது எனக்கு இன்னும் சரிவரவில்லை. நேரமெடுக்கும். விழவும் கூடும். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நீ பார்த்துக்கொண்டு நில்.

நிஷாந்தன்